போன வருஷத்து ஸ்வெட்டரோடு வாருங்கள்: சீசனுக்கு மலையேறி வருவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விருந்தினர்களே,

பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டதும் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் குடும்பத்தோடு எங்கள் மலைக்கு வருகிறீர்கள். மே மாதத்து மலர்க் கண்காட்சியைப் பார்க்கிறீர்கள். மேட்டுப்பாளையத்தில் ஏறி, மலை ரயிலின் ஜன்னலில் தலை நீட்டி, குழந்தைகளோடு குழந்தையாகச் சிரிக்கிறீர்கள். நீங்கள் வருவதால்தான் இங்கே ஆயிரக்கணக்கான அடுப்புகள் எரிகின்றன. வரவேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நீங்கள் இங்கே வந்ததும் வாங்குகிற ஒரு பொருளைப் பற்றி, ஒரு தையல் டீச்சராக உங்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2024 மே 7 முதல் நீங்கள் இ-பாஸ் எடுத்துத்தான் நீலகிரிக்குள் வருகிறீர்கள். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பை இருக்கிறதா, தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இந்தக் கண்டிப்பு எங்களுக்குப் பழகியது. 2000ஆம் ஆண்டிலேயே, சுப்ரியா சாஹு கலெக்டராக இருந்தபோது, 'ஆபரேஷன் ப்ளூ மவுண்டன்' என்ற பெயரில் பிளாஸ்டிக் பைக்கு எதிராக இந்த மாவட்டம் எழுந்தது. தமிழ்நாடு முழுவதும் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது 2021 டிசம்பரில்; நாங்கள் அதற்கு இருபது வருஷம் முன்பே துணிப்பைக்கு மாறத் தொடங்கியவர்கள்.

சாவடியைத் தாண்டி மேலே வந்ததும் குளிர் அடிக்கிறது. பிள்ளைகள் நடுங்குகிறார்கள். ஊட்டியில் இறங்கியதும் வழியோரக் கடைகளில் ஆளுக்கொரு ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர் வாங்குகிறீர்கள். பெற்றவர்கள் செய்ய வேண்டியதுதான். கடைக்காரர் 'உல்லன்' என்கிறார், நாமும் 'உல்லன்' என்கிறோம். கழுத்துப் பக்கம் தைத்திருக்கும் லேபிளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 'அக்ரிலிக்' என்று இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற ரசாயனத்தை இழையாக இழுத்துச் செய்வது அது. பையாக வந்தால் சாவடியில் நிறுத்துகிற பிளாஸ்டிக்கை, நூலாக வந்தால் நாம் அடையாளம் தெரிந்துகொள்வதில்லை. அதை நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதை அளந்து பார்த்தார்கள். ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒரே ஒரு முறை மெஷினில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் தண்ணீரோடு போகக்கூடும் என்று கண்டார்கள். இங்கே துவைக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். குன்னூர் ஆறு பவானியில் விழுகிறது. ஊட்டிப் பக்கத்து ஓடைகள் மோயாற்றுக்குப் போகின்றன. பவானியும் மோயாறும் பவானிசாகரில் சேர்ந்து, பிறகு காவிரிக்குப் போகின்றன. நீங்கள் வாங்கிப் போகும் ஸ்வெட்டர் உங்கள் ஊரில் துவைபடும்போதும் இதே கதைதான். அந்தத் தண்ணீரைத்தான் நாமெல்லாம் சோறு பொங்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் எடுக்கிறோம்.

இனி என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். துணியைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாம் அவரிடமிருந்துதான் தொடங்கியது.

எங்கள் குடும்பம் இலங்கை மலைநாட்டிலிருந்து வந்தது. 1964இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் எங்களைப் போன்ற லட்சக்கணக்கானவர்களைக் கப்பலேற்றியது. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழக அரசே இங்கே தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1972இல், எனக்கு ஏழு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் பெயர் பதிந்துவிட்டு, குன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தின் லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கையில் ஒரு தகரப் பெட்டி. அதன்மேல் மடித்துப் போட்டபடி ஒரு கறுப்புக் கம்பளி; இலங்கையில் மழையில் கொழுந்தெடுக்கும்போது அம்மா தலையில் போட்டிருந்தது.

முதல் போனஸ் வந்ததும் அப்பாவுக்குக் குன்னூர் மார்க்கெட்டில் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் எடுத்தோம். அசல் கம்பளி நூல். ஆறு வருஷம் போட்டார். இரண்டு முழங்கையும் தேய்ந்து ஓட்டை விழுந்ததும் அம்மா அதைத் தூக்கிப் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லைன் வாசலில் வெயில் விழுந்த இடத்தில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார்.

முதலில் பக்கத்துத் தையல்களை பிளேடால் அறுத்து, முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று நாலு துண்டாக்கினார். பிறகு கழுத்தோரத்தில் பின்னல் முடிந்த முனையைத் தேடிப் பிடித்தார். கீழிருந்து மேலே பின்னியதை மேலிருந்து கீழேதான் பிரிக்க முடியும். முனை கிடைத்ததும் மெல்ல இழுத்தார். வரிசை வரிசையாகக் கண்ணிகள் கழன்று வந்தன. நூல் சுருட்டை முடி போல நெளிந்து நெளிந்து வந்தது. நான் எதிரே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கைகளில்தான் சிட்டம் சுற்றினார். "வேகமா இழுக்காத பாப்பா, அறுந்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முழங்கை வந்த இடத்தில் நூல் பாதியாக மெலிந்திருந்தது. அதை மட்டும் வெட்டித் தனியே வைத்தார். சிட்டத்தை நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, கொடியில் தொங்கவிட்டு, கீழே ஒரு சொம்பைக் கட்டித் தொங்கப் போட்டார். மறுநாள் நெளிவெல்லாம் போய் நூல் நேராகியிருந்தது.

அந்த நூலில் எனக்கு ஒரு ஸ்வெட்டர் வந்தது. வெட்டியெடுத்ததற்கு ஈடாக மார்பில் ஒரு பட்டை சிவப்பு நூல். நான் அதற்குள் அடங்காமல் வளர்ந்ததும் தம்பிக்கு வந்தது. அதுவும் தேய்ந்ததும் மீண்டும் பிரிந்து ஒரு குல்லாவானது. கடைசியில் மிஞ்சியதை அம்மா நாலாக மடித்துத் தைத்து, கொழுந்துக் கூடையின் பட்டை நெற்றியில் அழுத்தாமலிருக்கத் தலைக்கு அணை வைத்துக்கொண்டார். அப்பாவின் ஸ்வெட்டர் அம்மாவின் நெற்றியில் போய் முடிந்தது. அதற்குள் இருபது வருஷம் ஆகியிருந்தது.

ஏழ்மையை அழகாகக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்களுக்கு வேறு வழி இல்லை என்பது உண்மை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவில் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளியைக் காக்க முதலாளி இவற்றைக் கொடுக்கும்படி மாநில அரசு விதி செய்யலாம் என்று. குளிர்ப் பிரதேசத்தில் துணி எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் அம்மா செய்ததுதான், ஆனால் அதைச் செய்யச் செய்ய அந்தத் துணிமேல் ஒரு பாசம் ஊறியது. கை பட்ட துணியைக் கை விடாது. நாற்பது வருஷம் தையல் சொல்லிக் கொடுத்த பிறகு நான் கண்டுகொண்ட ஒரே உண்மை இதுதான். ஒரு பட்டனை நீங்களே தைத்துவிட்டால் போதும், அந்தச் சட்டை உங்கள் கண்ணில் வேறு சட்டையாகிவிடும்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், சீசன் முடிந்த பிறகு நான் பார்ப்பதை நீங்கள் பார்ப்பதில்லை. லாட்ஜ் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண் ஒருவர் எனக்குப் பழக்கம். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு மூட்டை கொண்டு வருவார். "டீச்சரம்மா, பாருங்க, கட்டிலுக்கு அடியில, அலமாரியில, பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி. போன் பண்ணிச் சொன்னாலும், நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லிடறாங்க" என்பார். போன ஜூன் மூட்டையில் பதினேழு ஸ்வெட்டர் இருந்தது. இரண்டில் விலைச்சீட்டுகூடக் கழற்றவில்லை. கை நீளத்தைக் குறைத்து, ஜிப் மாற்றி, தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அதை வருஷக்கணக்காகப் போடுவார்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று நாள் போட்ட துணியோடு யாருக்கு என்ன பழக்கம் உண்டாகும்? அது உங்களோடு எதையும் கடந்து வரவில்லை.

பழக்கம் என்றால் என்ன என்பதை இந்த மலையின் மூத்த குடிகளிடம் பார்க்கலாம். தோடர்கள் சுமார் இரண்டாயிரம் பேர்தான். அவர்கள் நெய்வதில்லை. சமவெளித் தறியில் நெய்த முரட்டு வெள்ளைத் துணியை வாங்கி, அதில் சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள் பூ வேலை செய்கிறார்கள். அந்தப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், ஒரு பெண் தைப்பதை ஒரு முழு காலை நேரம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். துணியில் கோடு வரைந்துகொள்ளவில்லை. துணியைச் சட்டத்தில் மாட்டவில்லை. ஊசி முனையால் இழைகளை எண்ணுகிறார். இத்தனை இழை தூக்கு, இத்தனை இழை விடு என்று உதடு மட்டும் அசைகிறது. நடுவில் ஒருமுறை நின்றார், ஒரு விரல் நீளத்துக்குப் பிரித்தார், மறுபடி எண்ணத் தொடங்கினார். "ஒரு இழை தப்பினா மேல போகப் போகப் பூவே கோணிடும் டீச்சர்" என்றார். அந்தப் போர்வையை இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளலாம்; ஒரு பக்கம் மங்கினால் மறுபக்கம் இருக்கிறது.

திருவிழாவுக்கும் அதையே போர்த்துகிறார்கள். இறந்தவரின் உடலையும் அதிலேயே சுற்றி வழியனுப்புகிறார்கள். சாவு வரை கூட வருகிற துணி என்று தெரிந்தே ஒருவர் தைக்கிறார், ஒருவர் போர்த்திக்கொள்கிறார். இந்த வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வு சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அமைப்பு, அரசின் கைவினை நிறுவனமான பூம்புகார் ஆகியவை சேர்ந்து விண்ணப்பித்து வாங்கியது. அதே 2013இன் ஏப்ரல் 24ஆம் தேதிதான் வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். உலகத்துக் கடைகளுக்கு அவசர அவசரமாகத் துணி தைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒரு துணியைத் தைத்த கையை நாம் அறிந்திருப்பதும் அறியாமலிருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு எனக்கு இந்த ஒரு வருஷம் போதும்.

இந்த மலையில் வாழும் படுகர் வீடுகளிலும் துணியோடு அந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம். ஜனவரியில் ஹெத்தையம்மன் திருவிழா வந்தால் பேரகணிக்குப் போகும் வழியெல்லாம் வெள்ளை. வருஷம் முழுவதும் ஜீன்ஸ் போட்டு பெங்களூரில் வேலை செய்யும் பேத்தியும் அன்றைக்குப் பாட்டி மாதிரி வெள்ளை முண்டு கட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்த வெள்ளை 'அவுட் ஆஃப் ஃபேஷன்' ஆனதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். துணிமேல் பாசம் என்றதும் நம்மில் பலர் பீரோவை நினைக்கிறோம். முகூர்த்தப் பட்டு, அம்மா தந்த சேலை, முதல் சம்பளத்தில் எடுத்த சட்டை என்று அந்துருண்டை போட்டுப் பூட்டி வைக்கிறோம். கட்டி வைப்பது வேறு, கட்டிக்கொள்வது வேறு. எங்கள் மலையில் பூட்டி வைத்த துணிக்கு என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்: தென்மேற்குப் பருவமழையில் மூன்று மாதம் காற்றுப் படாமல் கிடந்தால் பூசணம் பிடித்துவிடும். பட்டும் அப்படித்தான், ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் மடிப்பிலேயே விட்டுப்போகும். எடுத்துக் கட்டுகிற சேலைதான் நீடிக்கும். அம்மா போன பிறகு அவர் சேலையை மடித்து முகர்ந்து பார்த்து அழுகிற மகள்களுக்கு நான் சொல்வது இதுதான்: கட்டு. கட்டிக்கொண்டு வேலைக்குப் போ. கிழிந்தால் இழை ஓட்டு. இழை ஓட்ட முடியாத நாளில் பேரப்பிள்ளைக்குத் தூளி கட்டு. நம் வீடுகளில் பழைய சேலை அப்படித்தான் வாழ்ந்தது. தூளியாகி, மெத்தை உறையாகி, கரித்துணியாகி, பாத்திரக்காரரிடம் எவர்சில்வர் கிண்ணமாகி.

இப்போது அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. மலைக்குக் கீழே, இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் பனியன் நகரமான திருப்பூர் இருக்கிறது. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குப் பருத்தி விளைவதிலிருந்து சாயம் ஏறுவது வரை ஏறக்குறைய 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒருவர் இரண்டரை வருஷம் குடிக்கிற தண்ணீர். நொய்யல் ஆறு சாயக் கழிவில் என்ன பாடுபட்டது என்பது கொங்கு நாட்டுக்காரர்களுக்குத் தெரியும். பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே கழிவு தேங்கும் குளமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டிவந்தது. அதன் பிறகுதான் கழிவுநீரை ஒரு சொட்டும் ஆற்றில் விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு அங்கே தீவிரமாக மாறினார்கள். உலகத்தின் இன்னொரு முனையில், கானா நாட்டு அக்ரா நகரின் காண்டமாண்டோ சந்தையில் வாரத்துக்கு 1.5 கோடி பழைய உடுப்புகள் வந்து இறங்குவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பணக்கார நாடுகள் போட்டு அலுத்தவை. விற்காதது கடற்கரையில் குவிகிறது. நம் நாட்டு பானிப்பட்டில் பழைய ஸ்வெட்டர்களை நிறம் பிரித்து, கிழித்து, மறுபடி நூலாக்கிக் கம்பளி நெய்கிறார்கள். என் அம்மா லைன் வாசலில் செய்ததைத்தான் அங்கே மெஷின் செய்கிறது. ஆனால் மெஷினால் எவ்வளவுதான் முடியும்?

பிரான்சு நாட்டில் 2023இலிருந்து, கிழிந்த துணியையும் செருப்பையும் தைத்துப் போட்டால் கூலியில் ஒரு பகுதியைத் தள்ளுபடியாகக் கொடுக்கிறார்கள். தைப்பவரிடம் மக்களைத் திருப்பி அனுப்ப அங்கே சலுகை தேவைப்படுகிறது. நம் தெருமுனையில் தையல் மெஷினோடு ஒரு அண்ணன் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் செல்வத்தை இழந்துவிடாதீர்கள்.

ஊட்டியில் ஸ்வெட்டர் விற்பவர்களின் வயிற்றில் அடிக்கவும் நான் சொல்லவில்லை. அகதிகளாக இந்த நாட்டுக்கு வந்த திபெத்தியக் குடும்பங்கள் பல வருஷமாக லூதியானாவிலிருந்து சரக்கெடுத்து இங்கே விற்றுப் பிழைக்கின்றன. எங்கள் குடும்பமும் இடம்பெயர்ந்து வந்ததுதான். எனக்கு அந்த வலி தெரியும். அக்ரிலிக் ஸ்வெட்டர் ஏழைக்கும் எட்டுகிற கதகதப்பு. தோட்டத்தில் அதையே பத்து வருஷம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆகவே உங்களிடம் நான் கேட்பது சில சின்ன விஷயங்கள்.

கிளம்பும் முன் வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். போன தடவை ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வாங்கியது கட்டாயம் ஒன்று கிடக்கும். உங்களிடம் இல்லையென்றால் அக்கா வீட்டில், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள். மூன்று நாளுக்கு இரவல் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வாங்கியே தீர வேண்டும் என்றால், பிள்ளைக்கு ஒரு அளவு பெரியதாக, தையல் அழுத்தமானதாகப் பார்த்து, ஊருக்குத் திரும்பிய பிறகும் போடுவோம் என்று மனசார நினைத்து வாங்குங்கள். அடிக்கடி துவைக்காதீர்கள், வெயிலிலும் காற்றிலும் உலர்த்தினாலே வாடை போய்விடும். தோடர் பூ வேலை வாங்கினால் தைத்த பெண்களுக்கே பணம் போய்ச் சேரும் இடத்தில் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். அது ஒருவருடைய பல நாள் கண்பார்வை. லாட்ஜ் அறையில் எதையும் விட்டுப் போகாதீர்கள். கொடுக்க நினைத்தால் துவைத்து, மடித்து, ஒருவர் கையில் கொடுங்கள்.

இன்னொன்று. சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரிச் செம்மறி என்று மெல்லிய கம்பளி தருகிற ஓர் இனமே எங்களுக்குச் சொந்தமாக உண்டு. எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்த மலையின் குளிருக்கு இந்த மலையிலேயே ஆடு வளர்த்து, நூல் திரித்து, ஸ்வெட்டர் பின்னி நீங்கள் வாங்குகிற ஒரு நாள் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. நீங்கள் கேட்க ஆரம்பித்தால்தான் யாராவது செய்ய ஆரம்பிப்பார்கள்.

அம்மாவின் கறுப்புக் கம்பளி இப்போது என்னிடம் இருக்கிறது. ஐந்து இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறேன். பெட்டியில் இல்லை, குளிர்காலத்தில் ராத்திரி அதைத்தான் போர்த்திக்கொள்கிறேன்.

அடுத்த சீசனுக்கும் வாருங்கள். போன வருஷத்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாருங்கள். முழங்கை கிழிந்திருந்தால் அப்படியே கொண்டு வாருங்கள். தைத்துத் தர இந்த மலையில் இன்னும் ஆட்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
குன்னூர்.